ஸ்டெல்லா அக்கா தொடாத ஸ்விட்ச்

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். மீன் ஏலம் விடும் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். சிமெண்ட் தரை ஈரமாக இருந்தது. செருப்பெல்லாம் செதில். என்னைச் சுற்றி இருபது பேராவது நின்றிருப்பார்கள்.

என் ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில் எங்கள் கம்பெனி மேனேஜர் பாஸ்கர் சார்.

"வசந்தி, போர்டைக் கையால அணைச்சது எத்தனை தடவைன்னு லாக்ல இருக்கும் பாருங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் படிங்க."

பார்த்தேன். படித்தேன்.

"இந்த மாசம் பதினேழு தடவை."

இருபது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. தூண் ஓரம் துடைப்பத்தோடு நின்றிருந்த ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தன. அந்த போர்டையும் கொட்டகையையும் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஊழியர் அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ, "வெளியூர்க்காரிய வெச்சா இப்டித்தான்" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று அந்த எண்ணைப் படித்த குரல் என்னுடையது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அதில் பாதி பாஸ்கர் சார் மேல். மீதி யார் மேல் என்று இந்த அத்தியாயம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

போர்டு என்றால் என்ன போர்டு

கடலுக்குப் போகிறவர்களுக்கு வானிலைச் செய்தி காட்டும் எல்.ஈ.டி. பலகை. சிவப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். "கடல் சீராக உள்ளது" என்று ஓடும், அல்லது "அலை உயரும், கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று ஓடும். பின்னால் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு சிம் கார்டு, கரண்ட் போனால் தாங்க ஒரு சின்ன பேட்டரி. செய்தி வந்ததும் போர்டு மாறும். எப்போது என்ன நடந்தது என்று பெட்டியே எழுதி வைத்துக்கொள்ளும்; அதுதான் லாக். இதைக் கடற்கரை ஓரம் பல குப்பங்களில் மாட்டியது எங்கள் கம்பெனி.

நான் அந்த ஐஸ் பெட்டி மேல் உட்காருவதற்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலையில், தேசிங்கு என்பவர் தம்பியோடு ஃபைபர் போட்டில் போனார். போர்டில் "கடல் சீராக உள்ளது" என்று ஓடிக்கொண்டிருந்தது. அலை எச்சரிக்கை முந்தைய நாள் சாயங்காலமே வந்தாயிற்று. மற்றவர்கள் ஃபோனில் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தேசிங்கின் ஃபோன் ரிப்பேருக்குப் போயிருந்தது; தம்பியிடம் ஃபோன் கிடையாது. அவருக்கு இருந்தது போர்டு ஒன்றுதான்.

திரும்பி வரும்போது கரைக்குப் பக்கத்தில் அலை போட்டைப் புரட்டிப் போட்டது. தம்பி நீந்தி வந்துவிட்டார். தேசிங்கின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. எஞ்சின் கிடைக்கவேயில்லை.

பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. லாக்கில் பதினேழு என்று இருந்தது. அணைத்து அணைத்தே போர்டைக் கெடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள்.

ஏசி ரூமும் நானும்

போன வாரம் என் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை ஃபோன் செய்தாள். "நீ ஏதோ லட்சியத்தோட கம்ப்யூட்டர் எடுத்த மாதிரி எழுதிகீற. லேப்ல ஏசி இருந்துச்சுன்னு தானே எடுத்த?" என்றாள். உண்மைதான். கருங்குழியில் எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அப்பா டெம்போவில் நெல் மூட்டை ஏற்றுபவர். செங்கல்பட்டில் அந்த லேப் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் குளிர் காற்றுக்காகவே நான் எந்தப் பாடம் சொன்னாலும் படித்திருப்பேன்.

அங்கேதான் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை முதல் வரியிலிருந்து கம்பைல் செய்யப் பழகினேன். ஒரு கருவிக்கு வேண்டிய லினக்ஸை நாமே சமைத்துக்கொள்வது அது. எது வேண்டும், எது வேண்டாம் என்று திரையில் பக்கம் பக்கமாகக் கேட்கும். மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் எண்டர் தட்டிக்கொண்டே போவார்கள். நான் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே உள்ள விளக்கத்தைப் படிப்பேன். "வசந்தி இன்னும் மூணாம் பக்கத்துலயே கீறா" என்று சிரிப்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. நான் படிக்காமல் எதற்கும் ஆமாம் சொல்வதில்லை என்ற பெருமை.

அந்தப் பெருமைக்கு எவ்வளவு மதிப்பு என்று பிறகு தெரிந்தது.

மூன்று வரிகள்

வேலைக்குச் சேர்ந்தபோது ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தேன். வண்டலூர் வந்து, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, திருப்போரூர் தாண்டி இறங்கினால் கம்பெனி. கீழே டைல்ஸ் கடை, மேலே நாங்கள் பதினோரு பேர்.

போர்டுக்கான பெட்டியின் லினக்ஸை அமைத்தது நான். அதில் ஒரு கேள்வி வரும்: த்ரெட் லைப்ரரி எது? மூன்று வரிகள் இருந்தன. வேண்டாம், பழையது, புதியது.

த்ரெட் என்பது பெரிய விஷயமில்லை. ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். ஒன்று எழுத்தை ஓட்டும். ஒன்று செய்தி வந்ததா என்று பார்க்கும். ஒன்று, சிம் வழியாகச் செய்தி வாங்கும் மோடத்தைக் கிளப்பும். இந்த வேலையாட்கள்தான் த்ரெட். அவர்களை மேய்ப்பது லைப்ரரி.

பழையதில் ஒவ்வொரு வேலையாளுக்கும் தனித்தனி எண். புதியதில் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே எண். வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு சிக்னல் என்ற ஒரு தகவல் வந்தால், புதியதில் அதற்காகக் காத்திருக்கும் ஆள் வாங்கிக்கொள்வார். பழையதில் எந்த எண்ணுக்கு வந்ததோ அந்த ஆளுக்கு மட்டும்தான் போகும். காத்திருப்பவர் வேறு ஆள் என்றால், அவர் காத்திருந்துகொண்டே இருப்பார்.

நான் புதியதைத் தேர்ந்தெடுத்தேன். எழுதிய புரோகிராமும் அதை நம்பி எழுதியதுதான்.

மோடம் செய்தவர்கள் ஒரு ரெடிமேட் ஃபைல் கொடுத்திருந்தார்கள். அது பழையதற்காகச் செய்தது. புதியதோடு ஒட்டவில்லை.

"அவங்க கிட்ட புதுசுக்கு ஒண்ணு பண்ணித் தரச் சொல்லலாம் சார்" என்றேன்.

"மூணு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பழசையே வைங்க."

"பழசுல சிக்னல் போற விதம் வேற சார். எல்லாத்தையும் திருப்பி டெஸ்ட் பண்ணணும்."

"போர்டுல எழுத்து ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன?"

இரண்டாவது வரிக்கு மாற்றினேன். கம்பைல் செய்தேன். மேஜை மேல் வைத்து இரண்டு நாள் பார்த்தோம். எழுத்து அழகாக ஓடியது. வெளியீட்டுத் தாளில் "சோதித்தவர்" என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஆபீஸில் இன்வெர்ட்டர் இருந்தது. அந்த இரண்டு நாளில் பெட்டிக்கு ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை. குப்பத்தில் கரண்ட் போகும் என்பது கருங்குழியில் வளர்ந்த எனக்குத் தோன்றவேயில்லை.

வெள்ளையடித்த கற்கள்

கொட்டகையில் அந்தப் பஞ்சாயத்து நடந்த மறுநாளே ஸ்டெல்லா அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. நன்றாகத்தான் சாப்பிட்டேன். லாக்கில் இருந்ததைத்தானே படித்தோம் என்று இருந்தேன்.

ஒரு மதியம் திருப்போரூருக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, ரோட்டோர மனைப்பிரிவில் ஒரு பெண் எல்லைக் கற்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்கா. தலையில் துண்டு. முழங்கை வரை சுண்ணாம்பு.

பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"மேடம், நில்லு. உன்ன ஒண்ணு கேக்கணும். அந்தக் கம்ப்யூட்டர்ல நான் அணைச்சது மட்டுந்தான் எழுதி கீதா? ஏன் அணைச்சேன்னு எழுதலியா?"

"ஏன் அணைச்சீங்க?"

"அப்பாடி. இப்பவாச்சும் கேட்டியே." பிரஷை வாளியில் போட்டார். "கரண்ட் போயி வந்தா அந்தப் போர்டு செவுடாப் பூடும் மேடம். எரிஞ்சிகினு தான் இருக்கும். ஆனா பழைய சேதியே ஓடிகினு இருக்கும், புச்சா ஒண்ணும் வராது. நான் ஸ்விட்ச்ச அணைச்சி, நூறு எண்ணி, திருப்பிப் போடுவேன். அப்பத்தான் புது சேதி வரும். ஒவ்வொரு தபாவும் அப்டித்தான் செஞ்சிகினு இருந்தேன்."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லலியா? உங்க ஆபீஸுக்கு மூணு தபா ஃபோன் போட்டேன். எழுதிக்கிறோம்னு வெச்சிட்டாங்க. அப்பால உங்க சாரே கூப்ட்டு, 'நீ அடிக்கடி அணைக்கிறியாம், ரிப்போர்ட்டு வந்துகீது, இனிமே ஸ்விட்ச்சுல கை வெச்சா வேலை பூடும்'னாரு. சரின்னு கை வெக்கல. அந்த வாரந்தான் தேசிங்கு அண்ணன் போட்டு கவுந்துச்சி."

வெயில் மண்டையைப் பிளந்தது.

அந்த ரிப்போர்ட்டை எழுதியது நான். மாதாமாதம் எல்லா போர்டுகளின் லாக்கையும் பார்த்து ஒரு பக்கம் எழுதுவேன். "ஊழியர் போர்டை அடிக்கடி அணைக்கிறார், அறிவுறுத்த வேண்டும்" என்பது என் வரி. டீ குடித்துக்கொண்டே எழுதியிருப்பேன்.

"அன்னிக்கிக் காலைல நான் அத்தத் தொடவேயில்ல மேடம்" என்றார். "தொட்டிருந்தா அவரு கை ஒடிஞ்சிருக்காது. அத்த எங்க போயி சொல்றது?"

லாக்கின் மறுபாதி

பஸ்ஸை விட்டுவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினேன். அந்தக் குப்பத்து லாக்கைத் திறந்தேன். கொட்டகையில் படித்த அதே ஃபைல்.

"கையால் அணைக்கப்பட்டது" என்று பதினேழு வரிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே இரண்டு மூன்று வரி முன்னால் பார்த்தேன். "மின்சாரம் போனது. மின்சாரம் வந்தது." பதினேழு இடத்திலும். அணைத்த இரண்டு நிமிஷத்துக்குள் "போடப்பட்டது". அதற்கு அடுத்த வரி "புதிய செய்தி பெறப்பட்டது". பதினேழு இடத்திலும்.

கடைசியாக அணைத்தது தேசிங்கு கடலுக்குப் போனதற்கு ஆறு நாள் முன்பு. அதன் பிறகு ஒரு முறையும் இல்லை. முந்தைய நாள் மதியம் கரண்ட் போய் வந்திருந்தது. அதற்கப்புறம் ஒரு செய்தியும் இல்லை. மாலை எச்சரிக்கை வந்தபோது பெட்டி செவிடாக இருந்தது.

எல்லாம் என் மடியிலேயே இருந்தது. நான் எண்ணிக்கையை மட்டும் படித்தேன்.

மேஜையில் இருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் செருகினேன். எழுத்து ஓடியது. என் ஃபோனிலிருந்து புதிய செய்தி அனுப்பினேன். பத்து நிமிஷம் பார்த்தேன். பழையதே ஓடியது. ஸ்விட்சை அணைத்து, நூறு எண்ணிப் போட்டேன். உடனே வந்தது.

கரண்ட் போனால் பெட்டி பேட்டரியில் ஓடும், மோடம் மட்டும் தூங்கும்; கரண்ட் திரும்பி வந்ததும் "மோடத்தைக் கிளப்பு" என்று ஒரு சிக்னல் வரும். அதற்காக ஒரு த்ரெட் காத்திருந்தது. சிக்னல் வேறு எண்ணுக்குப் போய் அங்கேயே கிடந்தது. ஸ்விட்சை அணைத்துப் போட்டால் மட்டும் எல்லாமே முதலிலிருந்து கிளம்பும், மோடமும் சேர்ந்து. பழைய லைப்ரரியின் குணம் அது. விளக்கத்தில் எழுதியே இருக்கிறது. நான் படித்தே இருக்கிறேன்.

பாஸ்கர் சார் அறையில் அவர் கண் முன்னால் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். இரண்டு தடவை. அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"சரி. மாத்திடுங்க. மோடம்காரங்களுக்கு மெயில் போடுங்க."

"ஸ்டெல்லா அக்கா விஷயம்?"

"திருப்பி வேலைக்கு எடுத்துக்கச் சொல்றேன். அவ்வளவுதானே?"

"தப்பு நம்மளுதுன்னு எழுதணும் சார். ஊர்ல அத்தன பேர் முன்னால அவங்க மேல போட்டோம்."

"வசந்தி, பெருசு பண்ணாதீங்க. எழுதினா எல்லா குப்பத்துலயும் கேள்வி வரும்."

"வரட்டுமே சார். எல்லா குப்பத்துலயும் அதே பெட்டிதானே?"

"அதுதான் மாத்தப் போறோமே!"

மோடம்காரர்களுக்கு நான் மெயில் அனுப்பியது ஒரு திங்கட்கிழமை. புதிய லைப்ரரிக்கான ஃபைல் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று வாரம் என்றாரே, அது நான்கு நாள். மூன்றாவது வரியைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நாள் முழுக்கப் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். எல்லாப் போர்டுகளுக்கும் ஏற்றினோம். கம்பெனி அனுப்பிய குறிப்பில் இருந்தது இரண்டே சொல்: "செயல்பாடு மேம்படுத்தப்பட்டது."

மேம்படுத்தப்பட்டதாம்! ஒருவரின் கை முறிந்தது, ஒருவரின் வேலை போனது, இன்னும் எத்தனை காலையில் எத்தனை போர்டுகள் செவிடாக நின்றனவோ, அதற்கெல்லாம் சேர்த்து இரண்டு சொல். அன்று நான் டாய்லெட்டில் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது, அங்கே உடைக்க ஒன்றும் இல்லை.

ஒரு தாள்

வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி ஸ்டெல்லா அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வரவில்லை. நான் நேரில் போனேன். அதே மனைப்பிரிவு, அடுத்த வரிசைக் கற்கள்.

"வேலை இன்னா மேடம், இதுவும் வேலைதான். நான் அங்க போனா மறுபடி அதே கண்ணால தானே பாப்பாங்க? அன்னிக்கி நான் அணைக்கலன்னு எழுதிக் குடு. வரேன்."

கம்பெனி எழுதாது என்றேன்.

"கம்பெனியவா கேட்டேன்? உன்னத்தான் கேட்டேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு கல்லின் மேல் வைத்து எழுதினேன். கரண்ட் போய் வந்தால் பெட்டி செவிடாகும் குறை கம்பெனி செய்த தேர்வால் வந்தது. ஸ்டெல்லா அணைத்துப் போட்டதால்தான் அதுவரை செய்திகள் வந்தன. விபத்து நடந்த காலையில் அவர் ஸ்விட்சைத் தொடவில்லை. கீழே கையெழுத்து.

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். சர்ச் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். மெதுவாக, உதடு அசையப் படித்தார்.

"'கம்பெனி செய்த தேர்வு'ன்னா யாரு?"

நான் பேனாவை மூடினேன்.

"அன்னிக்கி நீதானே ஒக்காந்துகினு படிச்ச? ரிப்போர்ட்டு எழுதனது யாரு?"

"நான்தான் அக்கா."

"அப்ப அத்தயும் எழுது."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். எழுதினேன். அந்த லைப்ரரியை வைத்து கம்பைல் செய்தது நான், சரியாகச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது நான், காரணம் கேட்காமல் அவர் மேல் ரிப்போர்ட் எழுதியது நான். பாஸ்கர் சார் மேல் எனக்கிருந்த கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால் இத்தனை நாள் எவ்வளவு சௌகரியமாக ஒளிந்திருந்தேன் என்பது எழுதும்போதுதான் தெரிந்தது.

"வா" என்றார்.

"எங்க?"

"தேசிங்கு அண்ணன் வூட்டுக்கு."

இரண்டு பஸ் பிடித்துப் போனோம். தேசிங்கு வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மாவுக்கட்டு. ஸ்டெல்லா அக்காவைப் பார்த்ததும் முகம் இறுகியது. உள்ளேயிருந்து அவர் மனைவி, "இன்னாத்துக்கு வந்துகீறா இவ?" என்று குரல் கொடுத்தார்.

ஸ்டெல்லா அக்கா பதில் சொல்லாமல் தெருவில் நின்றபடியே தாளை விரித்து உரக்கப் படித்தார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். என் பெயர் வந்தபோது ஸ்டெல்லா அக்காவின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. முழுக்கப் படித்தார். மடித்தார்.

தேசிங்கு என்னைப் பார்த்தார்.

"உனுக்கு இது முன்னயே தெரியுமா?"

"இப்படி ஆகும்னு தெரியாது அண்ணே. திருப்பி டெஸ்ட் பண்ணணும்னு தெரியும். பண்ணல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு இடது கையை ஊன்றி எழுந்தார். அந்தச் சேரை இடது கையாலேயே இழுத்து ஸ்டெல்லா அக்கா முன்னால் போட்டார்.

"ஒக்காரு யக்கா. அன்னிக்கி நானும் உன்னக் கண்டபடி பேசிட்டேன்."

ஸ்டெல்லா அக்கா உட்காரவில்லை. தாளை தேசிங்கின் சட்டைப் பையில் வைத்தார்.

"பேசனது நீ மட்டுமில்ல அண்ணே. கொட்டாயில அத்தினி பேரும் இருந்தாங்க. நாளைக்கி ஏலத்தப்ப நீயே அத்தினி பேர் முன்னால இத்தப் படி. அப்பால ஒக்கார்றேன்."